வாலஸ் கண்ட எல்லை

பரிணாமக் கொள்கை என்றவுடன் டார்வின் பெயரே நம் நாவில் எழும். அவரைப் போலவே அக்கொள்கையைத் தாமாகக் கண்டறிந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் நம் நினைவுக்கு வருவதில்லை. 1823இல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். குடும்ப வறுமையால் இளமையிலேயே பள்ளியை விட்டு, நில அளவைத் தொழிலால் பிழைத்தவர். ஏழைகள் ஆடுமாடு மேய்த்த பொது நிலங்கள் செல்வர்க்கு வேலியிடப்பட்டதை அப்போது நேரில் கண்டார். இதனை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

1854 முதல் எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுகளில் அலைந்து, 1,25,660 உயிரின மாதிரிகளைத் திரட்டினார். அலி என்னும் மலாய் முஸ்லிம் இளைஞர் அவருக்கு வலக்கரமாக விளங்கினார். 1858இல் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலுற்றுக் கிடந்தபோதுதான் இயற்கைத் தேர்வு என்னும் கருத்து அவருள் உதித்தது. அதனை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். அவ்வாண்டு ஜூலை முதல் நாள் இருவர் கருத்துகளும் லண்டன் லின்னேயன் கழகத்தில் ஒருங்கே படிக்கப்பெற்றன.

'தக்கவை பிழைத்தல்' என்பது ஹெர்பர்ட் ஸ்பென்சர் படைத்த தொடர். அதனை ஏற்குமாறு 1866இல் டார்வினை வற்புறுத்தியவர் வாலஸே. ஸ்பென்சர் மீது கொண்ட பற்றால் தம் மகனுக்கும் அவர் பெயரையே சூட்டினார். நாகரிகத்தில் பின்தங்கிய இனங்கள் அழிவது தவிர்க்கவியலாதது என 1864இல் எழுதியவரும் இவரே. அத்தகையவர்தாம் பின்னர் அக்கொள்கைக்கு ஓர் எல்லை வகுத்தார்.

எழுத்தறியாப் பழங்குடியினரோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் அவர். அம்மக்களின் மூளை ஐரோப்பியரின் மூளைக்குப் பெரிதும் குறைந்ததன்று. உயிர் பிழைக்க வேண்டிய அளவினும் அது மிகுதி. கணிதமும் இசையும் அறவுணர்வும் வெறும் பிழைப்புப் போட்டியால் எவ்வாறு விளையும்? மனித மனத்துக்குப் பின்னே மேலான ஓர் அறிவாற்றல் உண்டு என்று 1869இலும் 1870இலும் எழுதினார். டார்வின் மனம் வருந்தினார். வாலஸ் ஆவியுலக ஆய்விலும் ஈடுபட்டதால் அறிவியலார் பலர் எள்ளினர். அவ்வீடுபாட்டை நாமும் ஏற்பதற்கில்லை.

ஆனால் சமுதாயம் பற்றிய அவர் வாதம் ஆவிகளைச் சார்ந்ததன்று. தந்தையின் செல்வம் மகனைத் தாங்கும் நாட்டில், உயர்ந்து நிற்பவனைத் தக்கவன் என்று எதனால் அளப்பது? நிலத்தைப் பொதுவுடைமையாக்கக் கோரும் கழகத்துக்கு 1881இல் தலைவரானார். யார் யாரை மணக்கலாம் என அரசு வகுக்கும் இனமேம்பாட்டுத் திட்டங்களை 1890இல் மறுத்தெழுதினார். முதலில் வறுமை நீங்கட்டும், பெண்கள் கல்வியும் பொருளாதார விடுதலையும் பெறட்டும் என்பது அவர் நிலை.

1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. 1913 நவம்பர் 7இல் வாலஸ் மறைந்தார். ஜெர்மனியில் 1933இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ்ச் சுமார் நான்கு இலட்சம் பேர் மலடாக்கப்பட்டனர்.