சென்னை மருத்துவக் கல்லூரியில் இருந்து தங்க நிற மருந்து வரை: எல்லாப்பிரகத சுப்பாராவ்



சாத்தூர்னு சொன்னா எல்லாருக்கும் காராச்சேவும் வெள்ளரிப்பிஞ்சும் ஞாபகம் வரும். நமக்கு பட்டாசு ஆலைகளும் ஞாபகம் வரும். எங்க தெருவுல பட்டாசு வேலைக்குப் போற ஒரு அக்காவுக்கு தீக்காயம் பட்டு, ஆஸ்பத்திரியில பார்க்கப் போயிருந்தேன். தீ அணைஞ்சு ஒரு வாரம் ஆச்சு, இனி பயம் கிருமியாலதான்னு டாக்டர் சொன்னார். தோல் எரிஞ்சுபோன இடம், கிருமிக்குத் திறந்துவிட்ட கதவு மாதிரி. காய்ச்சல் ஏறினதும் புண்ணுல இருந்து மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பினாங்க. எந்தக் கிருமின்னு தெரிஞ்ச பிறகு மருந்தை மாத்தினாங்க. அக்கா பிழைச்சுட்டாங்க.

அந்த மருந்துகளோட கதையைத் தேடினப்போ கிடைச்ச பெயர்தான் சுப்பாராவ்.

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். வீட்டில் வறுமை. சின்ன வயதில் காசிக்கு ஓடிப்போய் வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகலாம்னு கிளம்பி, பாதியிலேயே பிடிபட்டார். மெட்ரிகுலேஷன் மூன்றாவது முயற்சியில்தான் பாஸ். அரியர் வச்சிருக்கிற நண்பர்கள் இதைக் கவனிக்கவும்!

பிறகு சென்னை மாநிலக் கல்லூரி, அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டு, ஆபரேஷன் அங்கியையும் கதரிலேயே போட்டுக்கிட்டார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

இதற்கு நடுவில் சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அடுத்தடுத்து கொண்டுபோனது. மருந்தே இல்லாத நோய்களுக்கு மருந்து தேடுவது என்ற பிடிவாதம் அவருக்குள் உறுதியானது. 1920-களின் தொடக்கத்தில் மனைவியை ஊரில் விட்டுவிட்டு பாஸ்டன் போனார். ஊர் திரும்பவே இல்லை.

அங்கே இந்திய டாக்டர் சான்றிதழுக்கு மதிப்பில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. நோயாளிகளின் பெட்பேன் கழுவுவதும் அதில் அடக்கம். பகலில் ஹார்வர்டில் ஆராய்ச்சி. சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். தசைக்குச் சக்தி தரும் ஏடிபி பற்றிய கண்டுபிடிப்பிலும் பங்கு உண்டு. இருந்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை.

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும், யானைக்கால் நோய்க்கு இன்றும் தருகிற டிஇசி மாத்திரை வந்ததும் அவர் வழிநடத்திய குழுக்களில் இருந்துதான்.

அப்போது பெனிசிலின் ஒரு வகைக் கிருமிகளைக் கொல்லும், ஸ்ட்ரெப்டோமைசின் வேறு சிலதைக் கொல்லும். கிருமி எதுன்னு தெரியாமல் நோயாளி கிடந்தால் டாக்டர் என்ன செய்வார்? இரண்டு பக்கமும் வேலை செய்கிற, வாயால் விழுங்கக்கூடிய மருந்து தேவைப்பட்டது. சுப்பாராவின் ஆய்வகத்தில் பெஞ்சமின் டக்கர் என்ற ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர், பல ஊர் மண்ணைச் சேர்த்துச் சோதித்தார். மிசௌரியில் இருந்து வந்த மண்ணில் தங்க நிறத்தில் வளர்ந்த நுண்ணுயிரி ஒன்று கிடைத்தது. அது தந்த மருந்து ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் பிள்ளை. 1948-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். பெயர் டக்கருக்குப் போனது. சுப்பாராவும் அதற்கு ஆசைப்படவில்லை.

அதே 1948 ஆகஸ்டில், 53 வயதில், மாரடைப்பால் இறந்தார். 1994-ல் சூரத்தில் பிளேக் வந்தபோது மக்களுக்குக் கொடுத்தது டெட்ராசைக்ளின்தான்.

இன்று பல கிருமிகள் அந்த மருந்துக்கு மசிவதில்லை. நாம சளி பிடிச்சாலே மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி, இரண்டு நாள் போட்டுட்டு நிறுத்துறோம். தப்பிப் பிழைச்ச கிருமி பலமாகுது. அது நாளைக்கு நம்ம ஊர் தீக்காய வார்டுக்கு வந்தா, அங்க படுத்திருக்கிறவங்களுக்குக் கொடுக்க மருந்து இருக்காது. அடுத்த தடவை கடையில் மாத்திரை கேட்கும் முன்னாடி, பெட்பேன் கழுவின அந்த மனுஷனை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க நண்பர்களே!