டீசல் என்ற பெயருக்குரிய மனிதர்

வெள்ளவத்தை ஊடாகக் காலி வீதியில் ஓடும் பஸ் வண்டிகளும், கொட்டாஞ்சேனையை அண்டிய வீதிகளில் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கொள்கலன் லொறிகளும், கரையோரப் பாதையில் அலுவலகப் பயணிகளைச் சுமந்துவரும் புகையிரதங்களும் இன்றும் பெரும்பாலும் டீசலிலேயே ஓடுகின்றன. ஆயினும் அதே வீதிகளில் ஹைபிரிட் கார்கள் வெகுகாலமாகவே சாதாரண காட்சியாகிவிட்டன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டதன் பின்னர், முற்றிலும் மின்சாரத்தில் ஓடும் வாகனங்களும் முன்னரைவிட அதிகமாகக் கண்ணில் படத் தொடங்கியுள்ளன. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பாரத்தைச் சுமந்த பெரிய இயந்திரம் மெல்ல விடைபெறத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், அதனைப் படைத்தவரை நினைவுகூர்வது பொருத்தமானது. டீசல் என்பது ஓர் எண்ணெயின் பெயர் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கின்றோம். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர்.

ருடோல்ப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி பரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியின் பவேரியப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தை தோற்பொருட்கள் செய்யும் சிறு கைவினைஞர். 1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே யுத்தம் மூண்டபோது, ஜேர்மன் வம்சாவளியினர் என்ற காரணத்தால் அக்குடும்பம் பரிஸை விட்டு வெளியேறி லண்டனில் அடைக்கலம் தேட நேர்ந்தது. யுத்தம் ஒரு குடும்பத்தை எவ்வாறு வேரோடு பிடுங்கி எறியும் என்பதை நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவனான ருடோல்ப், பெற்றோரைப் பிரிந்து ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கல்வி ஒன்றே கைகொடுக்கும் என்பதை அந்த வயதிலேயே அவர் உணர்ந்துகொண்டார்.

புலமைப்பரிசிலின் உதவியுடன் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1880இல் மிகச் சிறந்த பெறுபேறுகளுடன் வெளியேறினார். குளிரூட்டும் இயந்திரத் துறையின் முன்னோடியான கார்ல் வொன் லிண்டே அங்கு அவரது பேராசிரியராக விளங்கினார். நீராவி இயந்திரங்கள், எரிக்கப்படும் நிலக்கரியின் சக்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கை மாத்திரமே பயன்தரும் வேலையாக மாற்றுகின்றன என்பதை அவரது விரிவுரைகளில் அறிந்துகொண்ட மாணவனின் மனதில், வீணாகும் எஞ்சிய பங்கு ஒரு முள்ளாகத் தைத்தது. கல்லூரியை விட்டு வெளியேறி, லிண்டேயின் பனிக்கட்டி இயந்திரங்களுக்காகப் பரிஸிலும் பின்னர் பேர்லினிலும் பணியாற்றிய பத்தாண்டுகளிலும் அந்த முள் அகலவில்லை.

அவர் கண்ட வழி எளிமையானது, ஆனால் துணிச்சலானது. காற்றை மிகுந்த அழுத்தத்துக்கு உள்ளாக்கினால் அது கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் எரிபொருளைச் செலுத்தினால் தீப்பொறி எதுவுமின்றித் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். அழுத்தம் கூடக்கூட இயந்திரத்தின் திறனும் கூடும். இந்தக் கோட்பாட்டுக்கு 1892 பெப்ரவரியில் விண்ணப்பித்து, 1893 பெப்ரவரியில் ஜேர்மனியில் காப்புரிமை பெற்றார். ஓக்ஸ்பேர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் பரிசோதனைகளுக்கு ஆதரவளிக்க முன்வந்தன.

காகிதத்தில் இருந்த கணக்கு இரும்பில் உருப்பெறுவது இலகுவாக இருக்கவில்லை. 1893 ஆகஸ்ட் 10ஆம் திகதி நடைபெற்ற முதற் பரிசோதனையில் உருளைக்குள் ஏற்பட்ட வெடிப்பு, அழுத்தமானியைத் தகர்த்தெறிந்தது. அருகில் நின்றவர்கள் மயிரிழையில் உயிர் தப்பினர். எனினும் அழுத்தத்தால் எரிபொருள் தீப்பற்றும் என்பது அன்று நிரூபணமாயிற்று. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் இயந்திரம் ஒரு நிமிடமளவுக்குத் தானாக இயங்கியது. மேலும் மூன்று ஆண்டுகள் தோல்விகளும் திருத்தங்களுமாகக் கழிந்தன. 1897 பெப்ரவரி 17ஆம் திகதி பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முன்னிலையில் நடத்தப்பட்ட அதிகாரபூர்வப் பரிசோதனையில், அந்த இயந்திரம் எரிபொருளின் சக்தியில் 26 வீதத்தைப் பயன்தரும் வேலையாக மாற்றியது. நீராவியின் காலம் முடிவடையப் போகின்றது என்பதை விஷயம் அறிந்தவர்கள் அன்றே உணர்ந்தனர்.

டீசலின் நோக்கம் இலாபம் மாத்திரமாக இருக்கவில்லை என்பதை நாம் இங்கு அழுத்திக் கூற வேண்டும். பெருமுதலாளிகளே வாங்கக்கூடிய பிரமாண்டமான நீராவி இயந்திரங்கள், தமது தந்தையைப் போன்ற சிறு கைவினைஞர்களை நசுக்கிவிட்டதாக அவர் கருதினார். சிறிய பட்டறையிலும் வைக்கக்கூடிய, சிக்கனமான இயந்திரம் ஒன்று கிடைத்தால் அவர்கள் மீண்டும் தலைநிமிர்வார்கள் என்பது அவரது நம்பிக்கை. தொழிலாளர்கள் கூட்டுறவாக ஒன்றிணைந்து உற்பத்திச் சாதனங்களுக்கு உரிமையாளராவது குறித்து 1903இல் ஒரு நூலையும் வெளியிட்டார். அந்நூல் விலைபோகவில்லை.

எரிபொருள் விடயத்திலும் அவரது பார்வை விசாலமானது. 1900ஆம் ஆண்டு பரிஸ் உலகக் கண்காட்சியில் டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் இயக்கிக் காட்டப்பட்டது. ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் எண்ணெயைக் கொண்டே அங்கு இயந்திரங்களை இயக்கலாம் என்ற எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது. நிலக்கரியோ பெற்றோலியமோ இல்லாத நாடுகள் தமது மண்ணில் விளைவதைக் கொண்டே சக்தியைப் பெறலாம் என்ற கருத்தை டீசலும் பிற்காலத்தில் வலியுறுத்தினார். ஆனால் பெற்றோலியம் மலிவாகக் கிடைத்த உலகம் அதற்குச் செவிசாய்க்கவில்லை.

கண்டுபிடிப்பு அவரைச் செல்வந்தராக்கியது. அமெரிக்க உரிமைக்கு மாத்திரம் பத்து இலட்சம் மார்க்குகள் கிடைத்தன. மியூனிக்கில் மாளிகை எழுந்தது. ஆயினும் காப்புரிமை வழக்குகளும், நிலத்தில் இட்ட முதலீடுகளின் நட்டமும், ஓயாத உழைப்பால் குன்றிய உடல்நலமும் அவரை உள்ளிருந்தே அரித்தன. 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா என்னும் பெருங்கப்பல் டீசல் இயந்திரங்களுடன் ஐரோப்பாவிலிருந்து பாங்கொக் வரை பயணம் செய்து உலகை வியக்கவைத்த காலத்தில், அதனைச் சாத்தியமாக்கியவர் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்.

1913 செப்டெம்பர் 29ஆம் திகதி மாலை, இங்கிலாந்தில் நடைபெறவிருந்த கூட்டமொன்றுக்காக அன்ட்வேர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இரவு உணவின் பின்னர் காலையில் தம்மை எழுப்புமாறு கூறிவிட்டு அறைக்குச் சென்றார். விடிந்தபோது அவர் அங்கிருக்கவில்லை. படுக்கை கலையாமலே கிடந்தது. சில நாட்களின் பின்னர் கடலில் கண்டெடுக்கப்பட்ட உடலொன்றிலிருந்து எடுக்கப்பட்ட பொருட்களைத் தந்தையுடையவை என மகன் அடையாளம் காட்டினார். கடன் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றே பெரும்பாலானோர் கருதுகின்றனர். கொலை என்ற சந்தேகமும் இன்றுவரை முற்றாக நீங்கவில்லை.

அவர் மறைந்த பின்னரே அவரது இயந்திரம் வீதிக்கு வந்தது. 1920களில் ஜேர்மனியில் டீசல் லொறிகள் தோன்றின. இலங்கைப் புகையிரதத் திணைக்களம் 1938இல் டீசல் தொடர்வண்டிகளைத் தருவித்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து டீசல் இயந்திரங்கள் வந்திறங்கின. பொறியியலாளர் பி.டி. ரம்பாலாவின் தலைமையில் நீராவி படிப்படியாக விடைபெற்றது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை எமது மக்கள் மறந்துவிட மாட்டார்கள். அந்தக் கனேடிய இயந்திரங்களில் டீசல் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது மின்பிறப்பாக்கியை இயக்க, அம்மின்சாரமே சக்கரங்களைச் சுழற்றுகின்றது. பாரிய டீசல் இயந்திரமும் மின்மோட்டாரும் ஏழு தசாப்தங்களுக்கு முன்பே நம்மிடையே கைகோத்திருந்தன.

இன்னொன்றையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். டீசல் பஸ்கள் ஆதிக்கம் பெறுவதற்கு முன்னரே கொழும்பு மாநகரில் மின்சார டிராம் வண்டிகள் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் வரையும் பொரளை வரையும் ஓடின. 1950களில் அவற்றின் இடத்தை மின்கம்பியில் ஓடும் டிரொலி பஸ்கள் பெற்றன. 1960களில் அவையும் கைவிடப்பட்டன. புகையிரதப் பாதையை மின்மயமாக்கும் திட்டமோ பலமுறை பேசப்பட்டும் இன்னும் நிறைவேறவில்லை.

அந்தத் தெரிவின் விலையை நாம் 2022இல் செலுத்தினோம். அவ்வாண்டு ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என அறிவிக்கப்பட்டது. நாட்கணக்கில் நீண்ட வரிசைகளில் காத்திருந்து உயிரிழந்தவர்களும் உண்டு. டீசல் இயந்திரத்தின் புகை புற்றுநோயை விளைவிக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012இலேயே வகைப்படுத்தியுள்ளது. ஆகவே மாற்றம் அவசியம் என்பதில் எமக்கு ஐயமில்லை. எம்மை உறுத்துவது அம்மாற்றம் யாருக்காக என்ற கேள்வியே.

சிறு கைவினைஞனுக்காக ஒருவர் கண்ட கனவு, இறுதியில் போர்க்கப்பல்களுக்கும் பெரும் நிறுவனங்களுக்குமே முதலில் பயன்பட்டது. மின்சார வாகனமும் அதே வழியில் செல்லக்கூடாது. வசதி படைத்தோரின் கார்கள் மின்சாரத்துக்கு மாற, காலி வீதியில் மிதிபலகையில் தொங்கிச் செல்பவர் தொடர்ந்தும் கரும்புகையைச் சுவாசிப்பாராயின் அது மாற்றமாகாது. பஸ்களும் புகையிரதங்களுமே முதலில் மாற வேண்டும். வாகனத்துக்கான மின்சாரம் நுரைச்சோலையின் நிலக்கரியிலிருந்தும் சப்புகஸ்கந்தவின் டீசல் இயந்திரங்களிலிருந்தும் வருமாயின், புகை இடம் மாறுமேயன்றி அழியாது. நீரும் வெயிலும் காற்றும் நமது நாட்டில் உண்டு. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளையும் சிறு கராஜ்களையும் நம்பி வாழ்வோருக்குப் புதிய தொழிலைக் கற்பிக்கும் பொறுப்பும் அரசுக்கு உண்டு. நாட்டின் வளத்திலிருந்து சக்தி, சிறு தொழிலாளிக்கு வாழ்வு என்ற இரண்டையுமே டீசல் தமது இயந்திரத்திடம் எதிர்பார்த்தார். அவரது இயந்திரத்தை வழியனுப்பும் நாம், இவ்விரண்டையும் அதன் இடத்துக்கு வருவதிடம் கேட்டுப் பெற வேண்டும்.