நெவில் மாஸ்கலின்

நெவில் மாஸ்கலின் (1863 – 1924) இங்கிலாந்தைச் சேர்ந்த மேடை மாயவித்தைக் கலைஞரும் கம்பியில்லாத் தந்தி ஆய்வாளரும் ஆவார். இதே பெயருடைய 18ஆம் நூற்றாண்டு வானியலாளர் வேறொருவர். இவரது தந்தை ஜோன் நெவில் மாஸ்கலினும் புகழ்பெற்ற மாயவித்தைக் கலைஞரே.

ஒட்டுக்கேட்டல்

குறித்த அலைநீளத்துக்கு இசைவிக்கப்பட்ட கருவிகளைக் கொண்டு செய்திகளைப் பிறர் அறியாமல் அனுப்பலாம் என்று மார்க்கோனி கூறிவந்தார். கடலடித் தந்தி வடங்களை நடத்திய ஈஸ்டர்ன் டெலிகிராப் நிறுவனம், தன் தொழில் பாதிக்கப்படும் என அஞ்சி மாஸ்கலினை அமர்த்தியது. 1902இல் இவர் கார்ன்வாலின் போர்த்கர்னோவில் உயரமான கம்பம் நாட்டி, மார்க்கோனியின் செய்திகளை எளிதாகப் பெற்று, அதனை இதழொன்றில் வெளியிட்டார். இசைவித்தல் குறுக்கீட்டைக் குறைக்குமேயன்றிச் செய்தியை மறைக்காது. அதே அலைநீளத்தில் எவரும் கேட்கலாம். இன்றைய வை-பை வலையமைப்பிலும் அலைவரிசையை யாவரும் அறியலாம். செய்தியைக் காப்பது மறையீடாக்கமே.

1903 நிகழ்வு

1903 சூன் 4 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூசனில் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் விரிவுரையாற்றினார். கார்ன்வாலின் போல்டூவிலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தியை அங்கே பெற்றுக் காட்டுவது திட்டம். அச்செய்தி வருமுன்பே, மார்க்கோனியைக் கேலி செய்யும் மோர்ஸ் குறிகள் கருவியில் பதியத் தொடங்கின. அருகிலிருந்து எளிய பரப்பி ஒன்றின் மூலம் அவற்றை அனுப்பியவர் மாஸ்கலின். உதவியாளர் ஆர்தர் பிளாக் இதைக் கவனித்தார். பின்னர் பிளெமிங் த டைம்ஸ் நாளிதழில் இச்செயலைக் கண்டித்து, செய்தவரைக் கண்டறிய உதவி கோரினார். மாஸ்கலின் அதே நாளிதழில் தாமே செய்ததாக ஒப்புக்கொண்டு, பொதுநலன் கருதியே செய்ததாக விளக்கினார். முன்னர்ப் போட்டி நிறுவனத்துக்காகப் பணியாற்றியவர் என்பதால் இவ்விளக்கத்தை ஐயுற இடமுண்டு. காட்டிய குறை உண்மையானதே.

பிற்காலம்

1911இல் டேவிட் டெவன்ட்டுடன் இணைந்து மாயவித்தைக் கலை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். இவரது மகன் ஜாஸ்பர் மாஸ்கலினும் மாயவித்தைக் கலைஞராக விளங்கினார்.