மலாயா கணபதி: போர்வீரர், தொழிலாளர் தலைவர்

மலாயா கணபதி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தூக்குக் கயிறு ஒன்றுதான். 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அந்த ஒரு நாளுக்கு முன்னே அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கோலா பிலா போன்ற தோட்ட வட்டாரங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்து சேர்ந்திருக்கும் நாம் அவசியம் அறிந்திருக்க வேண்டும். பெரட்டுக் களத்தில் நின்ற நம் தாத்தா பாட்டியரின் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்தது அது.

எஸ். ஏ. கணபதி பிறந்த ஊர், தஞ்சை மாவட்டத்தில் பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள தம்பிக்கோட்டை. சிறுவயதிலேயே சிங்கப்பூருக்கு வந்து, அங்கேயே படித்து வளர்ந்தார். அக்காலத்தில் தஞ்சையிலிருந்து கப்பலேறியவர்களில் பலர் கங்காணி வழியாகத் தோட்டங்களை வந்தடைந்தார்கள். கணபதி வளர்ந்ததோ நகரத்தில். ஆயினும் பிற்காலத்தில் அவரை அதிகம் பற்றிக்கொண்டது தோட்டத் தொழிலாளியின் துயரமே.

ஜப்பானியர் ஆட்சி மலாயாத் தமிழரை இரு வழிகளில் உலுக்கியது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் திரும்பவே இல்லை. மறுபுறம், நேதாஜியின் அழைப்பைக் கேட்டு, பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களும் அதே தோட்டத்து மக்கள்தாம். கணபதியும் அப்படையில் சேர்ந்து பயிற்றுநராகப் பணியாற்றினார். கோலா பிலாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிரம்பானிலும் அப்படையின் முகாம் இருந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப்போகும் செய்தி நேதாஜியை எட்டியபோது அவர் அங்கேதான் இருந்தார். அதே கோலா பிலாவுக்கு அருகில், பாரிட் திங்கி என்ற சிற்றூரில், 1942 மார்ச்சில் 600க்கும் மேற்பட்ட சீனர்களை ஜப்பானியப் படை கொன்று குவித்ததையும் நாம் மறக்கலாகாது. ஓர் இனத்துக்கு நம்பிக்கையாகத் தெரிந்த காலம் இன்னோர் இனத்துக்குக் கொடுங்கனவாக இருந்தது.

போர் முடிந்தது. துப்பாக்கியை இறக்கி வைத்த வீரர்கள் தோட்டங்களுக்குத் திரும்பினார்கள். அரிசி விலை ஏறிக் கிடந்தது. கூலியோ வயிற்றுக்குப் போதவில்லை. ஆனால் படையில் நிமிர்ந்து நின்று பழகியவன் துரையின் முன்னால் கைகட்டி நிற்கத் தயாராக இல்லை. அந்த மாற்றத்தைச் சங்கமாக உருவாக்கியவர்களுள் முன்வரிசையில் நின்றவர் கணபதி. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியில் இணைந்த அவர், 1947இல் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். துறைமுகம், ஈயச் சுரங்கம், ரப்பர்த் தோட்டம் எனப் பல துறைகளைச் சேர்ந்த சீனரும் இந்தியரும் மலாய்க்காரரும் ஒரே குடையின் கீழ் நின்ற அமைப்பு அது. அவ்வாண்டில் அதன் உறுப்பினர்கள் 2,50,000க்கும் மேற்பட்டவர்கள் எனக் கணக்கிடப்பட்டது. இந்நாட்டில் இனம் கடந்து தொழிலாளர் ஒன்றுபட்ட காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த ஒற்றுமையை உடைத்தது முதலில் சட்டந்தான். 1948 மே மாத இறுதியில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே வகைத் தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே இனிக் கூட்டமைப்பாகச் சேரலாம். சங்கப் பொறுப்புக்கு வருபவர் அத்தொழிலில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் பெற்றிருக்க வேண்டும். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இவ்விதிகள் பல துறைத் தொழிலாளரையும் இணைத்த சம்மேளனத்தின் அடித்தளத்தையே பெயர்த்தன. ஜூன் நடுப்பகுதியில் சம்மேளனம் சட்டவிரோதமாயிற்று. ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட, ஒரு சில நாட்களில் நாடெங்கும் அவசரகாலச் சட்டம் அமலுக்கு வந்தது. மேடையில் பேசிக்கொண்டிருந்த கணபதி தலைமறைவானார்.

1949 மார்ச் 1ஆம் நாள் ரவாங் வட்டாரத்து வாட்டர்பால் தோட்டத்தில் அவர் பிடிபட்டார். ஒரு கைத்துப்பாக்கியும் 6 தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவசரகால விதிகளின்படி ஆயுதம் ஏந்தியிருந்தாலே மரணதண்டனைதான். துப்பாக்கியைக் கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சென்றதாக அவர் கூறிய விளக்கம் எடுபடவில்லை. இந்திய அரசு பரிந்து பேசியும் பயனில்லாமல் போயிற்று. பிடிபட்ட 64ஆம் நாள் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதற்கு முதல்நாள் அவருடைய தோழர் வீரசேனனும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இங்கே இன்னொரு வழக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஜொகூரில் 1948 செப்டம்பரில் பிடிபட்ட சாம்பசிவம் என்பவருக்கும் ஆயுதம் ஏந்திய குற்றத்துக்காக மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950இல் அங்கே தண்டனை ரத்தாகி அவர் உயிர் பிழைத்தார். அத்தீர்ப்பு இன்றும் சட்ட மாணவர்களுக்குப் பாடம். சாம்பசிவத்துக்குக் கிடைத்த காலம் கணபதிக்குக் கிடைக்கவில்லை. குற்றம் உண்டா இல்லையா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஓர் உயிரைப் பறிக்கும் முன் எவ்வளவு பொறுமையாக விசாரிக்க வேண்டும் என்பதை இவ்விரு வழக்குகளும் சேர்ந்து சொல்கின்றன.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியாற்றிய பி. பி. நாராயணன் அதனை வழிநடத்தினார். கணபதியின் அரசியலிலிருந்து முற்றிலும் விலகிய பாதை அது. ஆனாலும் தோட்டத் தொழிலாளி துரையோடு பேச்சுவார்த்தை மேசையில் சமமாக உட்காரலாம் என்ற எண்ணம் திடீரென வந்ததன்று. அதற்கு முந்திய தலைமுறை விலை கொடுத்திருந்தது.

புடு சிறை 1996இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. கோலா பிலா வட்டாரத்திலும் பல தோட்டங்கள் கைமாறின, ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது, லயங்கள் மறைந்தன. அந்நாட்களைக் கண்ணால் கண்ட முதியோரும் நம்மை விட்டு ஒவ்வொருவராக விடைபெற்றுவிட்டனர். கணபதியின் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. அவரை வெறும் தியாகியாகவோ வெறும் தீவிரவாதியாகவோ ஒரே சொல்லில் முடித்துவிடுவது மட்டும் படித்தவர்களுக்கு அழகன்று. ஆவணங்களைத் தேடிப் படித்து, எஞ்சியிருக்கும் குடும்ப நினைவுகளைக் கேட்டு எழுதி வைப்பது நம் தலைமுறையின் வேலை.