கவிழ்ந்த காரும் எழும்பின மனுசனும்

எங்கட ஊர்களில ஹொண்டா எண்டால் அது ஒரு மோட்டார் சைக்கிள். ஹொண்டா 50, ஹொண்டா 90, பிறகு எம்.டி. 90. பிள்ளையளை அதில ஏத்திக்கொண்டு போய் ரியூசனுக்கு விட்ட தகப்பன்மார் இதை வாசிக்கிறவர்களுக்குள் கனபேர் இருப்பினம். ஆனால் ஹொண்டா எண்டது ஒரு மனுசனின்ர பேர் எண்டதும், அந்த மனுசன் ஒரு காலத்தில கார்ப் பந்தயம் ஓடினவர் எண்டதும் எத்தனை பேருக்குத் தெரியும்? புத்தாண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதித் தாருங்கோ எண்டு சங்கத்தார் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் இந்த யப்பான்காரர்தான். எல்லாத்தையும் இழந்த பிறகு திரும்பத் தொடங்கின ஆள் எண்டபடியால் எங்களுக்கு இவர் அந்நியர் இல்லை.

சொய்சிரோ ஹொண்டா 1906 ஆம் ஆண்டு நவம்பர் 17 ஆம் திகதி, யப்பானின் ஹமமட்சு நகருக்குக் கிட்ட ஒரு கிராமத்தில் பிறந்தார். தகப்பன் கீஹேய் கொல்லர். பிறகு சைக்கிள் திருத்தும் கடையும் வைத்தவர். தாய் மிக்கா தறி நெய்தவர். பள்ளிக்கூடத்தில் பெடியன் பெரிய கெட்டிக்காரன் எண்டு சொல்ல ஏலாது. ஊருக்கு முதன்முதல் வந்த மோட்டார் காருக்குப் பின்னால ஓடி, அது நிலத்தில் ஒழுக்கின எண்ணெயை மணந்து பார்த்தவராம்.

1922 இல், 15 வயதில், ரோக்கியோவில் ஆர்ட் சோக்காய் எண்ட கராச்சில் வேலை பழகச் சேர்ந்தார். ஆனால் தொடக்கத்தில் அவருக்குக் கொடுத்த வேலை முதலாளியின் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறது. ஸ்பானர் பிடிக்கலாம் எண்டு வந்த பெடியன், முதுகில பிள்ளையோட நிண்டு மற்றவை வேலை செய்யிறதைப் பார்த்துக்கொண்டு நிண்டான். வெளிநாட்டுக்கு வந்த புதிதில் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவின எங்கட இஞ்சினியர்மாருக்கும் வாத்திமாருக்கும் இந்த இடம் நல்லாய் விளங்கும்.

1923 செப்ரெம்பர் 1 ஆம் திகதி ரோக்கியோவைப் பெரும் பூகம்பம் தாக்கியது. நகரம் தீப்பிடித்து எரிந்தது. கராச்சும் எரிந்தது. வேலைக்காரர் பெரும்பாலும் ஊர்களுக்குப் போய்விட்டினம். நிண்ட சிலபேரில் சொய்சிரோ ஒருவர். ஆள் குறைந்தபடியால் தொழில் முழுவதும் அவர் கைக்கு வந்தது.

முதலாளி யூசோ சகாகிபராவுக்குப் பந்தயத்தில் பைத்தியம். கேர்ட்டிஸ் எண்ட அமெரிக்க விமானத்தின் எஞ்சினை ஒரு காருக்குப் பூட்டிப் பந்தயக் கார் ஒண்டு செய்தார்கள். 1924 நவம்பரில் நடந்த பந்தயத்தில் முதலாளியின் தம்பி சினிச்சி அதை ஓட்ட, சொய்சிரோ பக்கத்தில் மெக்கானிக்காக இருந்தார். அந்தக் காலத்தில் ஓடுகிறவருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் இருந்து எண்ணெயையும் எஞ்சினையும் கவனிக்க வேணும். அந்தக் கார் முதலாவதாக வந்தது. அது இண்டைக்கும் யப்பானில் மொட்டேகி எண்ட இடத்திலுள்ள ஹொண்டா காட்சிசாலையில் இருக்கிறது.

1928 இல் அதே கராச்சின் கிளையை ஹமமட்சுவில் திறக்க முதலாளி இவரை அனுப்பினார். தொழில் நல்லாய் நடந்தது. பகலில் மற்றவரின்ர கார் திருத்துவார். இரவில் தனக்கெண்டு பந்தயக் கார் கட்டுவார். 1936 இல் ரமகாவா ஆற்றங்கரையில் யப்பானின் முதலாவது நிரந்தரப் பந்தய ஓடுபாதை திறக்கப்பட்டது. சொய்சிரோ தன்ர காரைக் கொண்டு அங்க போனார். போர்ட் எஞ்சின் பூட்டின கார். இந்த முறை ஓட்டினது அவர். பக்கத்தில் தம்பி பென்ஜிரோ.

ஓடிக்கொண்டிருக்கையில் இன்னொரு கார் குறுக்கே வந்தது. மோதின வேகத்தில் இவரின் கார் கவிழ்ந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் வெளியில தூக்கி எறியப்பட்டார்கள். சொய்சிரோவுக்கு முகத்திலும் கையிலும் காயம். தம்பிக்கு எலும்பு முறிந்தது. உயிர் தப்பினதே பெரிய காரியம். அப்போது அவருக்கு வயது 29. சச்சியைக் கலியாணம் முடித்து ஒரு வருசமும் ஆகவில்லை. ஓட்டக்காரனாக அவரின் காலம் அதோடு முடிந்தது எண்டே சொல்லலாம்.

அதுக்குப் பிறகு எஞ்சினுக்கான பிஸ்ரன் றிங் செய்யத் தொடங்கினார். செய்ததெல்லாம் உடைந்தது. இரும்பைப் பற்றித் தனக்கு ஒண்டும் தெரியாது எண்டு விளங்கினதும், முப்பது வயதில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய்ப் பெடியளோட வாங்கில் இருந்து படித்தார். சோதனை எழுதவில்லை, சேர்ட்டிபிக்கற்றும் வாங்கவில்லை. அறிவு மட்டும் போதும் எண்டு விட்டார். பிறகு றிங் சரிவந்தது. ரொயோட்டா கம்பனி வாங்கியது. ஆனால் யுத்தம் வந்தது. ஹமமட்சு நகரத்தில் குண்டு விழுந்தது. 1945 ஜனவரியில் இன்னொரு பூகம்பத்தில் அவரின் இன்னொரு தொழிற்சாலையும் இடிந்தது. யுத்தம் முடிய மிச்சமிருந்த பங்குகளை ரொயோட்டாவுக்கு விற்றுவிட்டு ஒரு வருசம் சும்மா இருந்தார்.

1946 இல், ஏறக்குறைய 40 வயதில், ஹமமட்சுவில் ஒரு கொட்டிலில் திரும்பத் தொடங்கினார். பஸ், ரயில் எல்லாம் நிரம்பி வழிந்த காலம். சனம் சைக்கிளில் பொதி கட்டிக்கொண்டு அரிசி தேடி அலைந்தது. படையினர் விட்டுப்போன ரேடியோக்களுக்கு மின்சாரம் கொடுக்கப் பாவித்த சின்ன எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பூட்டினார். முதல் செய்ததுக்கு எண்ணெய்த் தாங்கியாக வைத்தது ஒரு சுடுதண்ணிப் போத்தல். ஓட்டிப் பார்த்தது மனைவி சச்சி. பெற்றோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. எனவே பைன் மரத்திலிருந்து எடுக்கிற எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். எஞ்சின் சூடேறும் வரைக்கும் மிதிக்க வேணும். ஒரே மணம், ஒரே புகை.

1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்தவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் தடை. நானும் ஒரு ஹொண்டா 90 ஐ மண்ணெண்ணெயில் ஓட்டினவன். இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேற மண்ணெண்ணெய்க்கு மாத்தி, கண்ணெரியப் புகைக்குள்ளால போனனாங்கள். அந்த எஞ்சினைச் செய்தவரும் ஒருகாலம் இதே மாதிரித்தான் ஓட்டினவர் எண்டது எனக்கு வெளிநாடு வந்து வாசித்த பிறகுதான் தெரியும். எங்கட கராச்காரர் எந்தப் புத்தகத்தையும் பாராமல் கண்டுபிடித்த வித்தையை நினைத்து அப்பதான் பெருமைப்பட்டேன்.

1948 இல் ஹொண்டா மோட்டார் கம்பனி பிறந்தது. அடுத்த வருசம் தக்கேயோ புஜிசாவா வந்து சேர்ந்தார். காசும் கணக்கும் விற்பனையும் அவர் பொறுப்பு. எஞ்சின் சொய்சிரோவின் பொறுப்பு. 1954 இல் கம்பனி கடனில் தத்தளித்த நேரம், உலகத்தின் பெரிய மோட்டார் சைக்கிள் பந்தயமான ஐல் ஒவ் மான் பந்தயத்தில் ஓடுவோம் எண்டு அறிவித்தார். அந்த வருசம் அங்க போய்ப் பார்த்தபோது ஐரோப்பிய வண்டிகளின் பலத்துக்கு முன்னால தங்கட எஞ்சின் எந்த மூலைக்கு எண்டு விளங்கியது. திரும்பி வந்து ஐந்து வருசம் உழைத்தார். 1959 இல் முதல் தடவை ஓடி, நவோமி தனிகுச்சி ஆறாவதாக வந்தார். குழுவுக்கான பரிசும் கிடைத்தது. 1961 இல் அதே தீவில் 125, 250 இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடமும் ஹொண்டாவுக்கு. அதே வருசம் யேர்மனியில் குனிமிட்சு தக்ககாசி உலகப் பந்தயம் வெண்ட முதல் யப்பானிய ஓட்டக்காரர் ஆனார்.

பிறகு கார். 1964 இல் போர்முலா 1 பந்தயத்தில் இறங்கினார்கள். கார் விற்கத் தொடங்கி ஒரு வருசம்தான். சனம் சிரித்தது. 1965 ஒக்ரோபர் 24 ஆம் திகதி மெக்சிக்கோவில் றிச்சி கின்தர் தொடக்கத்திலிருந்து கடைசிவரை முன்னால ஓடி வெண்டார். போர்முலா 1 இல் ஒரு யப்பானியக் கார் வெண்டது அதுதான் முதல் தடவை.

நல்லதை மட்டும் எழுதினால் அது வாழ்க்கை வரலாறு இல்லை. சொய்சிரோவுக்கு ஒரு பிடிவாதம். எஞ்சினைத் தண்ணியால் இல்லை, காத்தால்தான் குளிராக்க வேணும் எண்டது அவர் கொள்கை. 1968 இல் அப்பிடி ஒரு பந்தயக் கார் செய்வித்தார். கம்பனியின் ஓட்டக்காரர் ஜோன் சேர்ட்டீஸ் அது ஆபத்து எண்டு சொல்லி ஓட மறுத்தார். பிரெஞ்சுக்காரர் ஜோ ஸ்லெசர் ஓடினார். யூலை 7 ஆம் திகதி, பிரான்சில், மழை ஈரத்தில் கார் தடம் விலகி மோதி எரிந்தது. ஸ்லெசர் அதிலேயே இறந்தார். தானே ஒரு கவிழ்ந்த காருக்குள்ளிருந்து பிழைத்து வந்தவரின் காரில் இன்னொருவர் உயிர் போனது. அந்த வருசத்தோடு ஹொண்டா போர்முலா 1 ஐ விட்டு விலகியது.

அதுக்குப் பிறகும் பிடிவாதம் உடனே போகவில்லை. இளம் இஞ்சினியர்மார் தண்ணிதான் சரி எண்டு அவரோட வாதாடினார்கள். கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார். அப்பிடி அவர்கள் செய்த, புகை குறைந்த எஞ்சின் 1972 இல் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. தன்ர காலம் முடிந்தது எண்டு அவருக்கு விளங்கியது. 1973 இல், 66 வயதில், புஜிசாவாவும் அவரும் ஒண்டாகப் பதவி விலகினார்கள். மகனைக் கொண்டுவந்து கதிரையில் இருத்தவும் இல்லை. பிறகு நாடு முழுக்கப் போய், தொழிற்சாலைகளிலும் விற்பனைக் கடைகளிலும் வேலை செய்தவர்களுக்குக் கைகொடுத்து நன்றி சொன்னார்.

1983 இல் ஹொண்டா திரும்பவும் போர்முலா 1 க்கு வந்தது. 1987 இல் சில்வர்ஸ்ரோன் பந்தயத்தில் முதல் நாலு காரிலும் ஹொண்டா எஞ்சின். நாலாவதாக வந்தவர் சட்டோரு நக்காஜிமா எண்ட யப்பானியர். 1988 இல் 16 பந்தயத்தில் 15 ஐ செனாவும் புறோஸ்ற்றும் ஹொண்டா எஞ்சினோட வெண்டார்கள். கிழவர் இதையெல்லாம் கண்ணால கண்டார். 1991 ஓகஸ்ட் 5 ஆம் திகதி, 84 வயதில் இறந்தார். கார் செய்கிறவனின் செத்தவீட்டால தெருவில நெரிசல் வரக்கூடாது, பெரிய சடங்கு வேண்டாம் எண்டு சொல்லி வைத்திருந்தவராம்.

இவரின் வாழ்க்கையில் நான் கண்டது இரண்டு எழும்புதல். ஒண்டு, விழுந்த இடத்திலிருந்து எழும்பினது. அது எங்கட சனத்துக்குப் புதிசில்லை. தேசம் விட்டு வந்து நாங்களும் செய்தனாங்கள். மற்றது, நேரம் வரக் கதிரையிலிருந்து எழும்பினது. அதுதான் எங்களுக்குக் கஷ்டம். இங்க பிறந்து வளர்ந்த பிள்ளையள் எங்கட சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் புதுசாய் ஒண்டு சொல்ல வந்தால், காத்தா தண்ணியா எண்டு பிடிவாதம் பிடியாமல் ஒருக்கால் காது கொடுத்துக் கேட்போம். பொறுப்பை அவர்களிட்ட குடுத்துப் பார்ப்போம்.