கோளத்தை அளந்த பாஸ்கராசாரியார்

ஊவாத் தோட்டங்களிலே பிறந்து மிஷன் பாடசாலைகளிற் கற்ற நாம், கோளத்தின் கனவளவைக் காணும் சூத்திரத்தை மனனஞ் செய்தே பரீட்சைகளிற் சித்தியெய்தினோம். ஆரையை மும்முறை தன்னாற் பெருக்கி, அதனைப் பையினாலும் நான்கினாலும் பெருக்கி, மூன்றினால் வகுக்க வேண்டும். இதனைக் கண்டவர் கிரேக்க ஞானி ஆர்க்கிமிடீசு என்பதும் நமக்குத் தெரியும். ஆயின், இவ்வுண்மையைக் காரணத்தோடு விளக்கிய பாரத நாட்டுப் பேராசான் ஒருவரைப் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே செவ்வனே அறியலானோம். அவரே இரண்டாம் பாஸ்கரர். அன்னாரின் வரலாற்றைச் சங்க அன்பர்களுக்குச் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

பாஸ்கரர் கி.பி. 1114இல், சஹ்யாத்திரி மலைச் சார்பிலுள்ள விஜ்ஜடவிடம் என்னும் ஊரினரான குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் மகேசுவரர் வானநூல் வல்லவர்; மைந்தருக்குக் குருவும் அவரே. 1150இல், தமது 36ஆம் வயதில், சித்தாந்த சிரோமணி என்னும் பெருநூலை அவர் இயற்றினார். லீலாவதி, பீஜகணிதம், கிரககணிதம், கோளாத்தியாயம் என்பன அதன் நான்கு பகுதிகள். லீலாவதி அவருடைய மகளின் பெயர் என்றும், மணம் தடைப்பட்ட அவளைத் தேற்றவே அந்நூல் எழுந்தது என்றும் ஒரு கதை உண்டு. 1587இல் பைசி என்பார் செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் வழியாக அது பரவிற்று. கதை இனியது, எனினும் சரித்திரமாகக் கொள்ளத்தக்க சான்று அதற்கில்லை.

இனிக் கோளத்துக்கு வருவோம். பாஸ்கரருக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன், 499இல், ஆரியபடீயம் என்னும் அரிய நூலைத் தந்தவர் ஆரியபடர். ஆயினும் கோளத்தின் கனவளவிலே அம்மேதை தவறினார். நடு வட்டத்தின் பரப்பை அதன் வர்க்கமூலத்தாற் பெருக்கினாற் போதும் என்றார். விட்டம் 7 ஆயின், அவ்விதிப்படி ஏறக்குறைய 239 வரும். உண்மையான அளவோ 180க்குச் சற்றே குறைவு. இடைக்காலத்தில் சிறீதரர் உண்மைக்கு மிக அண்மையான விதியொன்றைத் தந்தார். எட்டாம் நூற்றாண்டினரான லல்லரோ, கோளத்தின் மேற்பரப்பைக் காண வட்டத்தின் பரப்பைப் பரிதியாற் பெருக்கச் சொன்னார். விட்டம் 7 ஆயின், அது உண்மையிலும் ஐந்து மடங்குக்கு மேற்பட்டது.

இத்தவற்றைப் பாஸ்கரர் கோளாத்தியாயத்தில் வெளிப்படையாகவே மறுத்தார். பந்தொன்றின் மேல் வலையைப் போர்த்தாற்போல மேற்பரப்பைக் கருதி, அது நடு வட்டத்தின் பரப்பைப்போல் நான்கு மடங்கே என்று நிறுவினார். அம்மேற்பரப்பை விட்டத்தாற் பெருக்கி ஆறினால் வகுத்தாற் கனவளவு கிடைக்கும் என்றார். லீலாவதியிலே விட்டம் 7 என்று வைத்து அவரே கணக்கிட்டுங் காட்டினார். மேற்பரப்பு ஏறக்குறைய 153.94, கனவளவு ஏறக்குறைய 179.59.

ஏன் ஆறினால் வகுக்க வேண்டும்? தமது நூலுக்குத் தாமே எழுதிய வாசனாபாஷியம் என்னும் உரையில் அவர் விடை தருகிறார். கோளத்தின் மேற்பரப்பை மிகச் சிறு சதுரங்களாக வகுத்துக்கொள்க. ஒவ்வொரு சதுரத்தையும் அடியாகவும் கோளத்தின் மையத்தை முனையாகவுங் கொண்டு, ஊசி போன்ற ஒரு கூம்பகம் அமையும். பிபிலைத் தோடம்பழத்தின் சுளைகள் யாவும் நடுவை நோக்கிக் கூர்மையாவதை நினைத்தால் இது விளங்கும். கூம்பகத்தின் கனவளவு அடிப்பரப்பும் உயரமுஞ் சேர்ந்த பெருக்கத்தில் மூன்றிலொன்று. இங்கே உயரம் ஆரையே. ஆகவே எல்லாக் கூம்பகங்களையுங் கூட்டினால், மேற்பரப்பை ஆரையாற் பெருக்கி மூன்றினால் வகுத்ததாகும். விட்டத்தாற் பெருக்கினால் ஆறினால் வகுக்க வேண்டும். நாம் பொருளறியாது மனனஞ் செய்த சூத்திரம் இதுவேயன்றோ!

நம் இளைஞரிடையே இரு மனப்பான்மைகளைக் காண்கின்றோம். அறிவெல்லாம் மேலைநாட்டிலிருந்தே வந்தது என்பர் சிலர். முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர், அவர்கள் சொல்லிற் பிழையே இல்லை என்பர் வேறு சிலர். இரண்டும் பொருந்தா. ஆர்க்கிமிடீசு பாஸ்கரருக்கு 1,300 ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர். முதன்மை கிரேக்கருக்கே உரியது. அதை மறைத்துப் பெருமை தேட வேண்டியதில்லை. பாஸ்கரரின் பெருமை வேறிடத்தில் உள்ளது. எந்த லல்லரை மறுத்தாரோ, அந்த லல்லரின் நூலுக்கே அவர் உரையும் எழுதினார். முன்னோரைப் போற்றிக் கற்றார். கற்றதனாலேயே பிழையையுங் கண்டார். கண்டதைக் காரணத்தோடு திருத்தினார். கொழுந்து நிறுக்குந் தராசிற் பிழையிருந்தால், அது யாருடைய தராசாயினும் பிழை பிழையே என்பதைத் தோட்டத்து மக்களாகிய நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

1183ஐத் தொடக்கமாகக் கொண்டு கரணகுதூகலம் என்னும் வானநூலையும் அன்னார் தந்தார். அப்போது அவருக்கு வயது 69. அவருடைய பேரனார் சாங்கதேவர், பாட்டனாரின் நூல்களைக் கற்பித்தற்கென ஒரு மடம் அமைத்தார். மகாராட்டிரத்தில் சாளிஸ்காவ் என்னும் ஊருக்கு அண்மையிலே கிடைத்த 1207ஆம் ஆண்டுக் கல்வெட்டு இதற்குச் சான்று.

பெரியோர்களே, பிள்ளைகள் ஏன் என்று கேட்கும்போது அதனைப் பணிவின்மையாகக் கருதாதீர்கள். இளைஞர்களே, திருத்த விரும்பினால் முதலிற் கற்றுக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் நம் லயங்களிலுஞ் சங்கத்திலும் ஒருங்கே நிலவுமாயின், அதுவே பாஸ்கராசாரியாருக்கு நாம் செய்யும் வணக்கமாகும்.