இடியாது ஊர் திருத்தியவர்

திருவதிகை வீரட்டானத்தின் முற்றத்தைத் திலகவதியார் அலகிட்டு மெழுகியதையும், அவர் தம்பியார் நாவுக்கரசர் உழவாரம் ஏந்தியதையும் அறியாத தமிழர் இலர். ஊரைச் செம்மை செய்வதென்பது உள்ளதைப் பேணுவதே என்னும் இக்கொள்கையை, வரைபடமும் பென்சிலுங்கொண்டு நம் நாட்டில் நிலைநாட்ட முயன்றவர் ஸ்காட்லாந்து தேசத்துப் பாட்ரிக் கெடிஸ். அந்நியரெனினும் அவர் சரிதம் நாம் அறியற்பாலது.

1854-ல் பிறந்த கெடிஸ் முதலில் உயிர்நூல் கற்றவர். 1879-ல் மெக்ஸிகோவில் கண்ணொளி மங்கி இருட்டறையில் கிடந்தார். அப்போது ஜன்னற் சட்டங்களை விரலால் தடவி, கட்டத்திற்கு ஒரு கருத்தாக அமைத்துச் சிந்திக்கலானார். பின்னர்த் தாளை மடித்துக் கட்டங்களாக்கி, இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் பொருத்திப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. நகரங்களையும் அவ்வாறே ஆராய்ந்தார்.

சென்னைக் கவர்னர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பால் 1914-ல் இந்தியா வந்தார். அவருடைய கண்காட்சிப் படங்களைச் சுமந்து வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னைமீது குண்டு பொழிந்த அதே எம்டன்தான்! நண்பர்கள் மீண்டும் திரட்டிய படங்களைக்கொண்டு 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தேறியது.

அவ்வாண்டே தஞ்சை, மதுரை முதலிய நகரங்களைப்பற்றி அறிக்கை எழுதினார். அக்காலத்து எஞ்சினீயர்கள் அளவுகோல் வைத்து நேர்கோடு கிழிப்பர். கோட்டில் அகப்பட்ட வீடுகள் இடிபடும். வீடிழந்தோர் வேறோரிடத்தில் முன்னிலும் நெருக்கமாக அடைவர். கெடிஸோ படத்தைக் கையிலேந்தி மணிக்கணக்காகச் சந்துகளில் நடந்தார். கிணறு, மரம், சிறு கோயில், பாழ்மனை ஒவ்வொன்றையும் குறித்தார். பின்பு அப்படத்தின்மேலேயே, பழுதுபட்ட சில வீடுகளை மாத்திரம் நீக்கி, பாழ்மனைகளை நிழல்தரும் வெளிகளாக்கிக் காட்டினார். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவர் வகுத்த திட்டம் இத்தகையது. செலவும் இதிற் குறைவே என வாதித்தது வரி செலுத்துவோர் கவனிக்கத்தக்கது. நம் தேரோடும் வீதிகளின் அமைப்பை அவர் பெரிதும் வியந்தார். நாமோ, வீதியை அகலமாக்க நகராட்சியார் விரிக்கும் படத்தில் கிணறும் வேம்பும் குடியிருப்போரும் எங்கே என்று கேட்பதுமில்லை.

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. ஏப்ரலில் மூத்த மகன் பிரான்ஸ் போர்க்களத்தில் மாண்டான். நோயுற்றிருந்த மனைவியாரிடம் அச்செய்தியை மறைத்தார். ஜூனில் அவ்வம்மையாரும் கல்கத்தாவில் காலமானார். எனினும் பணியை விட்டாரல்லர். பிளேக் நோய் கண்ட இந்தூரில், எத்தெருவினர் வீடுகளை நன்கு துப்புரவாக்குகின்றனரோ அத்தெருவழியே தீபாவளி ஊர்வலம் வருமென்று அறிவித்தார். ஊரே துடைப்பம் எடுத்தது! அழுக்கரக்கனும் பேரெலியும் ஊர்வலமாக வந்து, முடிவில் எரிந்தொழிந்தன.

1919-ல் பம்பாய்ச் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். விஞ்ஞானி ஜகதீச சந்திர வஸுவின் சரிதத்தை எழுதி 1920-ல் வெளியிட்டார். 1924-ல் பிரான்ஸ் சென்று, மோன்பெலியே நகரில் 1932 ஏப்ரல் 17-ல் காலமானார்.